பழைய ஹார்ட் டிஸ்க்கை புது சிஸ்டத்துல மாட்டினா டேட்டா எல்லாம் வந்துடுமா?

மதர்போர்டு போயிடுச்சு, ஆனா ஹார்ட் டிஸ்க் நல்லாத்தான் இருக்கு, அதைக் கழட்டி புது சிஸ்டத்துல மாட்டிட்டா எல்லாம் அப்படியே வந்துடும்ல? கம்ப்யூட்டர் மாத்தற வீட்ல, கடையில, ஸ்டூடியோல எல்லாம் முதல்ல வர்ற கேள்வி இதுதான். 2000கள்ல கேட்டிருந்தா கிட்டத்தட்ட ஆமான்னே சொல்லியிருக்கலாம். இப்போ அப்படி சொல்ல முடியல. ஒரு ஃபைலைத் திறந்து படிக்க என்னென்ன வேணுமோ அதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா டிஸ்க்கை விட்டு வெளியே போயிடுச்சு. கொஞ்சம் மதர்போர்டுல இருக்கற ஒரு சிப்புல இருக்கு, கொஞ்சம் விண்டோஸ் லாகின்ல, கொஞ்சம் ஆன்லைன் அக்கவுண்ட்ல. தமிழ்ல டைப் பண்ணி வச்சிருக்கறவங்களுக்கு கூடுதலா ஒண்ணு, ஃபான்ட்ல. அதனால டிஸ்க் உயிரோட இருக்கறதும் டேட்டா கைக்கு வர்றதும் ரெண்டு தனித்தனி விஷயமாயிடுச்சு.

முதல்ல மாட்டற வேலையைப் பேசி முடிச்சுடலாம். இதுதான் பெரிய பிரச்சனை மாதிரி தெரியும், ஆனா பெரும்பாலும் சில நூறு ரூபால முடியற சமாச்சாரம். டிஸ்க்கோட பின்பக்கம் 40 பின் ரெண்டு வரிசையா நீட்டிக்கிட்டு இருந்து, பட்டையான ரிப்பன் கேபிள் போட்டிருந்தா அது ஐடிஇங்கற பழைய வகை. லேப்டாப் ஐடிஇயா இருந்தா 44 பின், பவரும் அதுலயே வந்துடும். 2003ல சாட்டாங்கற புது வகை வந்துச்சு, டேட்டாவுக்கு 7 பின், பவருக்கு 15 பின், மெல்லிசு கேபிள். 2006ல வந்த இன்டெல் ஐசிஎச்8 சிப்செட்லயே டெஸ்க்டாப்புக்கு ஐடிஇ சப்போர்ட்டை எடுத்துட்டாங்க, அப்புறம் போர்டு கம்பெனிக்காரங்க தனியா ஒரு சிப்பு வச்சு சில வருஷம் ஓட்டினாங்க, இப்போ வாங்கற போர்டுல அந்த சாக்கெட்டே கிடையாது. அதனால ஐடிஇ டிஸ்க்னா யுஎஸ்பி கன்வர்ட்டர்தான் வழி, ஐடிஇ சாட்டா ரெண்டுக்கும் சேத்தே ஒண்ணு வரும், ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்துல இன்னும் கிடைக்குது. பழைய சிபியூல டிவிடி டிரைவோட ஒரே கேபிள்ல ஸ்லேவா போட்டிருந்தா பின்னாடி இருக்கற ஜம்பரை (பின்மேல மாட்டியிருக்கற சின்ன மூடி) மாஸ்டருக்கு மாத்திட்டு போடுங்க, இல்லன்னா கன்வர்ட்டர்ல டிஸ்க் தெரியாமலே போகும்.

சாட்டா டிஸ்க்கா இருந்தா புது டெஸ்க்டாப்ல நேரா மாட்டிக்கலாம், லேப்டாப்னா கேஸிங் (டிஸ்க்கை உள்ள வச்சு யுஎஸ்பில மாட்டற பெட்டி). இதுல ஒண்ணு கவனிக்கணும், 2.5 இஞ்ச் லேப்டாப் டிஸ்க் 5 வோல்ட்லயே ஓடும், யுஎஸ்பி போர்ட்ல வர்ற கரண்ட் போதும், ஆனா 3.5 இஞ்ச் டெஸ்க்டாப் டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேணும், அடாப்டரோட வர்ற கேஸிங்தான் வாங்கணும். யுஎஸ்பி போர்ட் வீக்கா இருந்தாலோ கேபிள் ரொம்ப நீளமா இருந்தாலோ டிஸ்க் சுத்த ஆரம்பிச்சு, டிக்னு ஒரு சத்தம் போட்டு நின்னுடும், திரும்ப சுத்தும், திரும்ப நிக்கும். டிஸ்க் போச்சுன்னு முடிவு கட்டறதுக்கு முன்னாடி வேற கேபிள், டெஸ்க்டாப்போட பின்பக்க போர்ட், இது ரெண்டையும் ஒரு தடவை பாத்துடுங்க.

எக்ஸ்டர்னல் டிஸ்க்ல கதை வேற. சில கம்பெனி பாக்கெட் சைஸ் டிஸ்க்கைப் பிரிச்சா உள்ள சாட்டா சாக்கெட்டே இருக்காது, யுஎஸ்பி சாக்கெட்டை போர்டுலயே சால்டர் பண்ணியிருப்பாங்க. இன்னும் சிலதுல அந்த யுஎஸ்பி போர்டே டேட்டாவை என்கிரிப்ட் பண்ணி எழுதும், நீங்க பாஸ்வேர்டு வைக்கலைன்னாலும் கூட. அந்த போர்டை எடுத்துட்டு டிஸ்க்கை மட்டும் நேரா மாட்டினா வெறும் குப்பைதான் தெரியும். எம்.2ங்கற பட்டை வடிவ எஸ்எஸ்டில சாட்டா ஒண்ணு, என்விஎம்இ ஒண்ணுன்னு ரெண்டு ஜாதி, பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஒண்ணுக்கான கேஸிங்ல இன்னொண்ணு வேலை செய்யாது, ரெண்டையும் ஏத்துக்கற கேஸிங்னு பாத்து வாங்கணும். கழட்டவே முடியாததும் இருக்கு, 2018லேருந்து டி2ங்கற பாதுகாப்பு சிப்போட வந்த மேக்புக்ல ஸ்டோரேஜ் போர்டோட ஒட்டினது, என்கிரிப்ஷன் சாவியும் அந்த சிப்புக்குள்ள. போர்டு செத்தா பேக்கப் இருக்கான்னுதான் பாக்கணும்.

டிஸ்க் கம்ப்யூட்டர்ல தெரிய ஆரம்பிச்ச உடனே காப்பி போடற ஆசை வரும். ரெண்டு நிமிஷம் நிறுத்தி டிஸ்க்கோட உடம்பு எப்படி இருக்குன்னு பாருங்க. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அது டிஸ்க் தன்னைப் பத்தி தானே எழுதி வச்சிருக்கற ஸ்மார்ட் கணக்கைக் காட்டும். செக்டர்னா டிஸ்க்கைப் பிரிச்சிருக்கற சின்னச் சின்னக் கட்டம். அதுல ரீஅலொகேட்டட் செக்டர்ஸ், கரன்ட் பென்டிங் செக்டர்ஸ், அன்கரெக்டபிள் செக்டர்ஸ், இந்த மூணும் பூஜ்யமா இருக்கான்னு பாத்தா போதும் (எண்ணெல்லாம் முதல்ல ஹெக்ஸாடெசிமல்ல காட்டும், செட்டிங்ஸ்ல டெசிமலா மாத்திக்கோங்க, இல்லன்னா 10ன்னு இருக்கறது உண்மையில 16). 2007ல கூகுள்காரங்க தங்களோட ஒரு லட்சத்துக்கும் மேல டிஸ்க்கை வச்சு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. முதல் ஸ்கேன் எரர் வந்த டிஸ்க் அடுத்த 60 நாளுக்குள்ள ஃபெயிலாகற வாய்ப்பு, எரர் இல்லாததை விட 39 மடங்கு அதிகம்னு அதுல வந்துச்சு. அதே ஆய்வுல இன்னொண்ணும் இருக்கு, அதை யாரும் சொல்றதில்ல: செத்துப்போன டிஸ்க்ல பாதிக்கு மேல முக்கியமான ஸ்மார்ட் எண்கள் எதுலயுமே முன்கூட்டி ஒரு அறிகுறியும் இல்ல. அதாவது எண் மோசமா இருந்தா பயப்படணும், நல்லா இருந்தா நிம்மதியா இருக்கலாம்னு அர்த்தம் கிடையாது.

எண் மோசமா இருந்தா, இல்ல காப்பி ஆகறப்போ ஒரே இடத்துல நின்னு நின்னு போச்சுன்னா, அதுக்கப்புறம் எக்ஸ்ப்ளோரர்ல ஃபோல்டர் ஃபோல்டரா திறந்து பாக்கறது, விண்டோஸ் "ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்"னு கேட்டா சரின்னு அமுக்கறது எல்லாம் வேண்டாம். அந்த செக்டிஸ்க் வேலை ஃபைல் சிஸ்டத்தை ஒழுங்கா ஆக்கறதுக்காக இருக்கு, உங்க ஃபைலைக் காப்பாத்தறதுக்காக இல்ல, சாகப்போற டிஸ்க்ல எழுதவும் செய்யும், பாதி ஃபோல்டரை பேர் தெரியாத துண்டு துண்டா ஆக்கி வச்சுடும். இந்த மாதிரி நேரத்துக்குன்னே அந்தோனியோ தியாஸ் தியாஸ்ங்கறவர் எழுதின ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ இருக்கு. லினக்ஸ் லைவ் பென் டிரைவ்ல பூட் பண்ணி ஓட்டலாம். நல்லா படிக்க வர்ற இடத்தையெல்லாம் முதல்ல அள்ளிடும், அடம் பிடிக்கற இடத்தைத் தாண்டிப் போய் கடைசியில திரும்ப வந்து முயற்சி பண்ணும், எது வந்துச்சு எது வரலைன்னு ஒரு மேப் ஃபைல்ல எழுதிக்கிட்டே போகும், நடுவுல கரண்ட் போனாலும் விட்ட இடத்துலேருந்து தொடரலாம். டிஸ்க் முழுசும் ஒரே இமேஜ் ஃபைலா வேற டிஸ்க்ல வந்துடும், அப்புறம் நோண்டறதையெல்லாம் அந்த இமேஜ்ல வச்சு நோண்டிக்கலாம்.

டக் டக்னு ஒரே தாளத்துல சத்தம் வந்தா பெரும்பாலும் ஹெட் (டேட்டாவைப் படிக்கற முனை) போயிடுச்சுன்னு அர்த்தம், உடனே கழட்டிடுங்க. ஓடற டிஸ்க்ல ஹெட்டுக்கும் பிளாட்டருங்கற சுத்தற தட்டுக்கும் நடுவுல சில நானோமீட்டர்தான் இடைவெளி, உடைஞ்ச ஹெட்டோட ஒவ்வொரு சுத்தும் மேல இருக்கற பூச்சை சுரண்டிக்கிட்டேதான் போகும். ஃப்ரிட்ஜ்ல வச்சு எடுத்தா ஓடும்னு இன்னமும் சொல்றவங்க இருக்காங்க, நம்ம ஊர் ஈரக் காத்துக்கு வெளியே எடுத்த உடனே உள்ள தண்ணி கோத்துக்கும், அதோட முடிஞ்சுது. அதே மாடல் டிஸ்க் ஒண்ணை வாங்கி கீழ இருக்கற பச்சை போர்டை மட்டும் மாத்திப் போடறதும் ஒரு காலத்துல வேலைக்காச்சு, இப்போ ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனித்தனியா கணக்குப் பண்ணின அளவுகள் அந்த போர்டுல இருக்கற சின்ன ரோம் சிப்புல எழுதியிருக்கும், அந்த சிப்பையும் பேத்து மாத்தினாதான் உண்டு. முக்கியமான டேட்டான்னா டேட்டா ரெகவரி பண்றவங்ககிட்ட குடுக்கணும், அதுவும் முதல் ஆளா அவங்ககிட்ட போகணும், நாலு பேர் நோண்டின பிறகு போனா அவங்களாலயும் ஒண்ணும் பண்ண முடியாம போகலாம்.

சரி, டிஸ்க் ஆரோக்கியமாத்தான் இருக்குன்னு வச்சுக்குவோம். அடுத்து வர்ற ஆசை, அதுல இருக்கற விண்டோஸையே புது சிஸ்டத்துல பூட் பண்ணிட்டா சாஃப்ட்வேர், டெஸ்க்டாப், வால்பேப்பர் எல்லாம் அப்படியே வந்துடுமேன்னு. எக்ஸ்பி காலத்துல இதைப் பண்ணினா புளூ ஸ்கிரீன்தான், ஏன்னா பழைய போர்டோட ஸ்டோரேஜ் டிரைவரை மட்டும் நம்பி எழுந்திருக்கும், புது கன்ட்ரோலரைப் பாத்த உடனே பூட் டிவைஸே காணோம்னு விழுந்துடும். விண்டோஸ் 8லேருந்து இது ரொம்ப நல்லா ஆயிடுச்சு, விண்டோஸ் 10 டிஸ்க்கை வேற போர்டுல போட்டா "கெட்டிங் டிவைசஸ் ரெடி"ன்னு கொஞ்ச நேரம் ஓடி பல தடவை எழுந்தே வந்துடும். ஆனா எழுந்து என்ன பிரயோஜனம். லைசென்ஸ் ஓஇஎம்மா (சிஸ்டத்தோடயே சேத்து வந்தது) இருந்தா பழைய போர்டோட போச்சு, ஆக்டிவேட் ஆகாது, தனியா வாங்கின ரீடெயில் லைசென்ஸ்னாதான் கூட வரும். எம்பிஆர்ங்கற பழைய முறையில பிரிச்ச டிஸ்க்னா, யூஇஎஃப்ஐங்கற புது பூட் முறை மட்டும் தெரிஞ்ச புது போர்டுக்கு அது பூட் டிஸ்க்னே தெரியாது. விண்டோஸ் 7ல யுஎஸ்பி 3 டிரைவர் கிடையாது, அதனால புது போர்டுல கஷ்டப்பட்டு பூட் ஆனாலும் மவுஸும் கீபோர்டும் செத்துக் கிடக்கும், பாஸ்வேர்டு அடிக்கற ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டே உக்காரலாம். விண்டோஸ் 10க்கே 2025 அக்டோபர் 14ஓட இலவச சப்போர்ட் முடிஞ்சுது. பழைய விண்டோஸை புது வீட்டுக்குக் கூட்டிட்டு வராதீங்க, புது எஸ்எஸ்டில புதுசா விண்டோஸ் போட்டு, பழைய டிஸ்க்லேருந்து டேட்டாவை மட்டும் எடுக்கறதுதான் என் பார்வையில சரி. அதே சிஸ்டத்துல ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியா மாத்தறீங்கன்னா அது வேற, அப்போ குளோன் பண்றதுதான் (முழு டிஸ்க்கையும் அப்படியே பிரதி எடுக்கறது) புத்திசாலித்தனம், குளோன்சில்லா இலவசமாவே அந்த வேலையைப் பண்ணும்.

புதுசா விண்டோஸ் போடறப்போ பழைய டிஸ்க்கோட கேபிளை உருவிட்டுப் போடுங்க, இதை நிறைய பேர் பண்றதில்ல. ரெண்டு டிஸ்க்கும் மாட்டியிருந்தா விண்டோஸ் இன்ஸ்டாலர் பூட் பார்ட்டிஷனை மட்டும் பழைய டிஸ்க்ல கொண்டு போய் வைக்கும் பழக்கம் உண்டு. எல்லாம் நல்லா ஓடும், ஆறு மாசம் கழிச்சு பழைய டிஸ்க்கைக் கழட்டினா புது எஸ்எஸ்டி எழுந்திருக்காது, அப்போ என்ன ஆச்சுன்னே புரியாது.

இப்போ டிஸ்க் மை கம்ப்யூட்டர்ல ஈ டிரைவ், எஃப் டிரைவ்னு வந்துடுச்சு, கிளிக் பண்ணினா திறக்கல. இங்கதான் டேட்டாவைப் பூட்டி வச்சிருக்கறது எதுன்னு ஒவ்வொண்ணா பாக்கணும். "ஃபார்மட் பண்ணினாதான் யூஸ் பண்ண முடியும், பண்ணவா?"னு விண்டோஸ் கேக்கும், டிஸ்க் மேனேஜ்மென்ட்ல போனா "இனிஷியலைஸ் பண்ணவா?"னு கேக்கும், ரெண்டுக்கும் கேன்சல்தான். அது கேக்கறதுக்கு உண்மையான அர்த்தம் எனக்கு இதைப் படிக்கத் தெரியலைங்கறது மட்டும்தான். லினக்ஸ் பார்ட்டிஷனா இருக்கலாம், மேக்ல ஃபார்மட் பண்ணினதா இருக்கலாம். 3 டிபி, 4 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க்கோட கேஸிங் செத்து, உள்ள இருக்கறதை எடுத்து நேரா சாட்டால மாட்டினா இது அடிக்கடி வரும், ஏன்னா எம்பிஆர் முறையில 512 பைட் செக்டரை வச்சு 2.2 டிபி வரைக்கும்தான் கணக்கு எழுத முடியும், அதைத் தாண்ட சில கேஸிங்காரங்க செக்டரை 4096 பைட்டா காட்டி ஃபார்மட் பண்ணியிருப்பாங்க, நேரா மாட்டறப்போ அளவுகோல் மாறிப்போய் பார்ட்டிஷன் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாம போயிடும். டேட்டா எல்லாம் அங்கயேதான் இருக்கும், அதே மாதிரி கேஸிங் ஒண்ணு கிடைச்சா திறந்துடும்.

டிரைவ் திறக்குது, ஆனா யூசர்ஸ் ஃபோல்டர்ல உங்க பேர்ல கிளிக் பண்ணினா "பெர்மிஷன் இல்ல"ன்னு வருதுன்னா அது சின்ன விஷயம். விண்டோஸுக்கு உங்க பேர் முக்கியமில்ல, அக்கவுண்ட் உருவாகறப்போ குடுத்த ஒரு நீளமான எண்தான் முக்கியம். பழைய சிஸ்டத்துலயும் புதுசுலயும் பேர் ஒண்ணா இருந்தாலும் எண் வேற, ஒரே தெருவுல ரெண்டு முருகன் இருந்தாலும் ரேஷன் கார்டு நம்பர் வேற மாதிரி. அட்மின் அக்கவுண்ட்ல "கன்டினியூ" அமுக்கினா விண்டோஸே உரிமையை மாத்திக் குடுத்துடும், பெரிய ஃபோல்டர்னா ரொம்ப நேரம் ஆகும், பொறுமையா விடுங்க. (இது ஒவ்வொரு ஃபைல்லயும் எழுதற வேலை, அதனால சந்தேகமான டிஸ்க்ல பண்ண வேண்டாம், லினக்ஸ் லைவ்ல போனா இந்த பெர்மிஷன் எதையும் அது மதிக்கறதில்ல, நேரா படிச்சுடும்.) விஸ்டாவுக்கு அப்புறம் வந்த டிஸ்க்ல டாகுமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்னு ஒண்ணு தெரியும், அதுக்கு ஆக்சஸ் டினைடுன்னு வந்தா பதற வேண்டாம், அது ஃபோல்டரே இல்ல, யூசர்ஸுக்கு கை காட்டற பலகை மட்டும்தான்.

நிஜமான பூட்டு ரெண்டு. ஒண்ணு, ஃபைல் பேர் பச்சைக் கலர்ல தெரிஞ்சா அது விண்டோஸோட ஈஎஃப்எஸ் என்கிரிப்ஷன், பழைய அக்கவுண்டோட சர்டிஃபிகேட் எக்ஸ்போர்ட் பண்ணி வச்சிருந்தாதான் திறக்கும், உரிமையை மாத்தினாலும் ஒண்ணும் நடக்காது. இன்னொண்ணு பிட்லாக்கர், அதாவது விண்டோஸ் டிரைவ் முழுசையும் என்கிரிப்ட் பண்றது, இனிமே அதிகமா வரப்போறது இதுதான். 2024ல வந்த விண்டோஸ் 11 24எச்2ல மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு புதுசா இன்ஸ்டால் பண்ணினா டிவைஸ் என்கிரிப்ஷன் தானாவே ஆன் ஆயிடும், பல பேருக்கு அது ஆன்ல இருக்கறதே தெரியாது. தினமும் சாவி போடறது மதர்போர்டுல இருக்கற டிபிஎம்ங்கற சிப்பு. அந்த போர்டு செத்துட்டாலோ டிஸ்க்கை வேற மெஷின்ல மாட்டினாலோ 48 இலக்க ரெகவரி கீ கேக்கும். அது உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்லயே சேமிச்சிருக்கும், வெப்சைட்ல லாகின் பண்ணி எடுத்துக்கலாம், ஆனா அந்த அக்கவுண்ட் எதுன்னு தெரியணும்ல. கடைக்காரர் சிஸ்டம் செட்டப் பண்ணித் தர்றப்போ அவரே ஏதோ ஒரு மெயில் ஐடி போட்டு லாகின் பண்ணித் தந்திருந்தா உங்க டிஸ்க்கோட சாவி அவர் போட்ட அந்த ஐடில கிடக்கும். திருட்டுக்கு இது நல்ல பாதுகாப்புங்கறதுல எனக்கு மாத்துக் கருத்தில்ல, ஆனா டிஸ்க்கை மட்டும் பத்திரமா எடுத்து வச்சா போதும்ங்கற பழைய பழக்கத்தை இது சத்தமில்லாம முடிச்சு வச்சுடுச்சு. இப்போ ஓடிக்கிட்டு இருக்கற சிஸ்டத்துலயே அந்த 48 எண்ணையும் எடுத்து பேப்பர்ல எழுதி வச்சுக்கறது நல்லது.

அடுத்து எதை எடுக்கறதுன்னு ஒரு கேள்வி. சி டிரைவ்ல விண்டோஸ், டி டிரைவ்ல டேட்டான்னு பிரிச்சுக் குடுக்கறது நம்ம ஊர் அசெம்பிள்ட் சிஸ்டத்தோட வழக்கம், அதனால டி டிரைவை மட்டும் அப்படியே அள்ளிட்டு வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சுடறோம். ஆனா டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூணும் சி டிரைவ்ல யூசர்ஸ் ஃபோல்டருக்குள்ள இருக்கு. டேலி டேட்டா பல இடத்துல சி டிரைவ்ல டேலி போட்ட ஃபோல்டருக்குள்ளயே டேட்டான்னு இருக்கும், உள்ள 10000, 10001 மாதிரி நம்பர் பேர்ல ஃபோல்டர் இருக்கும், ஒவ்வொண்ணும் ஒரு கம்பெனி. அவுட்லுக் மெயில் பிஎஸ்டி ஃபைலா இருக்கும், எக்ஸ்பி காலத்து அவுட்லுக் எக்ஸ்பிரஸ் மெயில்னா மறைஞ்சிருக்கற ஃபோல்டருக்குள்ள டிபிஎக்ஸ் ஃபைலா கிடக்கும், ஹிடன் ஃபைலைக் காட்டுன்னு செட் பண்ணாம பாத்தா தெரியவே தெரியாது. குரோம் புக்மார்க்கை பழைய புரொஃபைல் ஃபோல்டர்லேருந்து எடுத்துடலாம், பாஸ்வேர்டு வராது, அது பழைய விண்டோஸ் லாகினோட சேத்துப் பூட்டினது. பழைய சிஸ்டம் ஓடறப்பவே சிங்க் பண்ணியிருக்கணும், இல்ல எக்ஸ்போர்ட் எடுத்திருக்கணும். புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரை காப்பி பண்றது வீண் வேலை, அந்த சாஃப்ட்வேரோட பாதி உயிர் விண்டோஸோட ரெஜிஸ்ட்ரிங்கற பதிவேட்டுல இருக்கு, திரும்ப இன்ஸ்டால்தான் பண்ணணும்.

ஒன்டிரைவ் இருந்த சிஸ்டம்னா இன்னொரு வேடிக்கை. 2017லேருந்து ஃபைல்ஸ் ஆன் டிமாண்ட்னு ஒண்ணு இருக்கு, ஃபைல் பேர், சைஸ், ஐகான் எல்லாம் ஃபோல்டர்ல அழகா தெரியும், உள்ள இருக்கறது கிளவுட்ல, டிஸ்க்ல வெறும் அடையாளம்தான். டிஸ்க்கைக் கழட்டி வேற சிஸ்டத்துல போட்டா அந்த ஃபைல் எதுவும் திறக்காது, டிஸ்க் கரப்ட் ஆயிடுச்சுன்னு நினைச்சு ரெகவரிக்கு காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஒன்டிரைவ்ல லாகின் பண்ணிப் பாருங்க, அங்க இருக்கும்.

இப்போ தமிழ் ஃபைல்களுக்கு வருவோம், என்னைக் கேட்டா இதைப் பத்திதான் யாரும் ஒழுங்கா எழுதறதில்ல. டிடிபி சென்டர், பத்திரம் எழுதறவங்க, பள்ளிக்கூட கேள்வித்தாள், கோயில் கமிட்டி நோட்டீஸ், சின்ன பத்திரிகை, இவங்க யாரோட 2010க்கு முந்தின டிஸ்க்கை எடுத்தாலும் வேர்டு ஃபைல் நல்லா காப்பி ஆகும், புது சிஸ்டத்துல நல்லா திறக்கும், ஆனா உள்ள ஒரு எழுத்து கூட தமிழ்ல இருக்காது, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமா கன்னாபின்னான்னு நிக்கும். ஃபைல் கெட்டுப்போகல. எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடுல தமிழ் 1991லயே இடம் பிடிச்சுடுச்சு, ஆனா விண்டோஸ்ல அது ஒழுங்கா தெரிய ஆரம்பிச்சது விண்டோஸ் 2000ல லதா ஃபான்டோட வந்தப்போதான், அதுக்கு முன்னாடியும் அதுக்கப்புறம் பல வருஷமும் பெரும்பாலானவங்க டைப் பண்ணினது ஆங்கில எழுத்தோட இடத்துல தமிழ் எழுத்தோட வடிவத்தை வரைஞ்சு வச்ச ஃபான்ட்ல. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அந்த ஃபைல்ல இருக்கறது ஆங்கில எழுத்துதான், அதைத் தமிழா காட்டினது ஃபான்ட். அந்த ஃபான்ட் இருந்தது சி டிரைவ்ல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள ஃபான்ட்ஸ்ல. நாம அள்ளினது டி டிரைவை.

இதுலயும் ஒரே முறை கிடையாது. இலங்கையிலயும் புலம்பெயர்ந்தவங்ககிட்டயும் பாமினி, இங்க அரசு ஆபீஸ்ல வானவில், அச்சகத்துல ஸ்ரீலிபி, இணையத்துல இருந்த ஆர்வலர்கள் கூடி உருவாக்கின டிஸ்கி, 1999 பிப்ரவரில சென்னையில நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்கு அப்புறம் தமிழக அரசு கொண்டு வந்த டேப், டேம். ஒவ்வொண்ணுலயும் ஒரே எழுத்து வேற வேற இடத்துல உக்காந்திருக்கும். 2010 ஜூன்லதான் தமிழக அரசு யுனிகோடையும் டேஸ்16ங்கற இன்னொரு தமிழ்க் குறியீட்டையும் அதிகாரப்பூர்வமா ஏத்துக்கிச்சு, அதுக்கப்புறமும் பழக்கம் விட்டுப்போக ரொம்ப வருஷம் ஆச்சு, சில அச்சகத்துல இன்னும் விட்டுப்போகல.

அதனால பழைய டிஸ்க்லேருந்து முதல் வேலையா விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள இருக்கற ஃபான்ட்ஸ் முழுசையும் தனியா ஒரு ஃபோல்டர்ல காப்பி பண்ணி வச்சுக்கோங்க, மொத்தமே பெரும்பாலும் சில நூறு எம்பிதான் வரும். ஃபைலை வேர்டுல திறந்து எழுத்துமேல கர்சரை வச்சா மேல எந்த ஃபான்ட்னு பேர் காட்டும், ஃபான்ட் இல்லாட்டியும் பேர் இருக்கும், அந்தப் பேரை வச்சு ஃபான்ட்டை இன்ஸ்டால் பண்ணினா அப்படியே தமிழ் வந்து நிக்கும். அது தற்காலிகத் தீர்வுதான், ஏன்னா அந்த ஃபைலுக்குள்ள ஒரு பேரைத் தேடினா கிடைக்காது, விண்டோஸ் சர்ச்ல தமிழ்ல அடிச்சாலும் சிக்காது, மெயில்ல அனுப்பினா எதிர்ல இருக்கறவருக்குப் புரியாது. முக்கியமானதை யுனிகோடுக்கு மாத்தணும், என்எச்எம் கன்வர்ட்டர், சுரதாவோட பொங்கு தமிழ் மாதிரி இலவச வழிகள் ரொம்ப வருஷமா இருக்கு. மாத்தறப்போ ஒண்ணு: நடுநடுவுல ஆங்கிலம் கலந்திருந்தா எல்லாத்தையும் காப்பி பண்ணி கன்வர்ட்டர்ல ஒட்டாதீங்க, அதுக்கு எது நிஜ ஆங்கிலம் எது வேஷம் போட்ட தமிழ்னு தெரியாது, மெயில் ஐடியும் ஆங்கிலப் பேரும் தமிழ் எழுத்தா மாறி அர்த்தமில்லாம வந்து நிக்கும். அந்தந்தப் பத்தியா பிரிச்சு மாத்தறது எரிச்சலான வேலைதான், வேற வழியில்ல.

அச்சுக்குப் பக்கம் வடிவமைக்கற அடோபியோட பழைய சாஃப்ட்வேரான பேஜ்மேக்கர் ஃபைல் இன்னும் கஷ்டம். பேஜ்மேக்கர் 7தான் கடைசி, 2001ல வந்தது, அதோட இடத்துக்கு வந்த இன்டிசைன்ல அந்த ஃபைலைத் திறக்கத் தெரிஞ்ச கடைசி வெர்ஷன் சிஎஸ்6. அதுல டைப் 1ங்கற பழைய வகை ஃபான்ட் போட்டிருந்தா அதுவும் போச்சு, அடோபி 2023 ஜனவரியோட அந்த வகை ஃபான்டுக்கு சப்போர்ட்டை நிறுத்திட்டாங்க. இந்த மாதிரி ஃபைல் நிறைய வச்சிருக்கறவங்களுக்கு என் யோசனை, பழைய சிஸ்டம் இன்னும் மூச்சு விட்டுக்கிட்டு இருந்தா அதுலயே உக்காந்து ஒவ்வொண்ணையும் பிடிஎஃப்பா மாத்திடுங்க. குறைஞ்சது கண்ணால படிக்கவாவது முடியும்.

காப்பி பண்றதைப் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. 500 ஜிபி, செகண்டுக்கு 100 எம்பி வேகத்துல போனா ஒன்றரை மணி நேரத்துக்குள்ள முடியும், பழைய யுஎஸ்பி 2 போர்ட்ல போட்டா 30 எம்பிதான் வரும், நாலரை மணி நேரத்துக்கு மேல ஆகும், சின்னச் சின்ன ஃபைலா லட்சக்கணக்குல இருந்தா ரெண்டு கணக்கும் தப்பிப்போகும். இழுத்து விடறதை விட விண்டோஸோடவே வர்ற ரோபோகாப்பி கமாண்ட் மேல், ஏன்னா எக்ஸ்ப்ளோரர் ஒரு ஃபைல்ல எரர் வந்தா நின்னு உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்கும், ரோபோகாப்பி தாண்டிப் போய் எது வரலைன்னு கடைசியில கணக்கு சொல்லும். அதுல ரீட்ரையை (எத்தனை தடவை திரும்ப முயற்சி பண்ணணும்ங்கறது) ஒண்ணுன்னு குறைச்சு வைங்க, சும்மா விட்டா ஒரு ஃபைலுக்குப் பத்து லட்சம் தடவை முயற்சி பண்ணும், நிஜமாவே அதோட டீஃபால்ட் அதுதான். யுபிஎஸ் இல்லாம ராத்திரி முழுக்க ஓட விடாதீங்க. முடிஞ்ச பிறகு ரெண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கை, மொத்த சைஸ் சரியான்னு பாத்து, போட்டோ வீடியோல அங்கங்க பத்து இருபதைத் திறந்தும் பாத்துடுங்க. 1 டிபி டிஸ்க் 931 ஜிபின்னு காட்டறது காணாம போனது இல்ல, கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமா எண்ணுவான், விண்டோஸ் 1024ஆ எண்ணும்.

எல்லாம் வந்துடுச்சுன்னா பழைய டிஸ்க்கை புது சிஸ்டத்துல ரெண்டாவது டிரைவா போட்டு ஓட்டலாமான்னு கேப்பாங்க. சினிமா, பாட்டு வைக்க ஓட்டிக்கோங்க, ஒரே காப்பியா இருக்கற எதையும் அதுல வைக்காதீங்க. என் விருப்பம், சில மாசம் அப்படியே தொடாம ஒரு டப்பால போட்டு வைக்கறது, ஏன்னா எதை விட்டுட்டு வந்தோம்னு தெரியவே அவ்வளவு நாள் ஆகும், ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்தாதான் அந்த வருஷத்து டேலி டேட்டா ஞாபகம் வரும். எஸ்எஸ்டின்னா வருஷக்கணக்குல கரண்ட் குடுக்காம டப்பால போட்டு வைக்கறது நல்லதில்ல, அதுல சார்ஜா தேங்கியிருக்கற டேட்டா மெல்ல மெல்ல கசியும், தேய்ஞ்சுபோன எஸ்எஸ்டிக்கு, சிப் துறையோட தரநிலை அமைப்பான ஜெடெக் கேக்கறதே 30 டிகிரி சூட்டுல ஒரு வருஷம் தாங்கணும்னுதான், நம்ம ஊர் பரண்மேல 30 டிகிரி எப்போ இருந்துச்சு.

விக்கறதுன்னா டெலீட் பண்ணி ரீசைக்கிள் பின்னைக் காலி பண்றதோ குவிக் ஃபார்மட்டோ எதையும் அழிக்காது, பெயர்ப் பட்டியலை மட்டும்தான் கிழிக்கும். எம்ஐடில இருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட்னு ரெண்டு பேர் செகண்ட் ஹேண்ட்ல 158 டிஸ்க் வாங்கிப் பாத்து 2003ல எழுதினாங்க, ஓடின 129ல ஒழுங்கா அழிச்சிருந்தது வெறும் 12. மத்ததுல 5000க்கும் மேல கிரெடிட் கார்டு நம்பர். ஹார்ட் டிஸ்க்னா விண்டோஸ் விஸ்டாவுக்கு அப்புறம் குவிக் டிக்கை எடுத்துட்டு முழு ஃபார்மட் போட்டா ஒவ்வொரு செக்டர்லயும் பூஜ்யம் எழுதிடும், அது போதும், ஏழு தடவை அழிக்கணும்ங்கறதெல்லாம் இன்னிக்கு டிஸ்க்குக்குத் தேவையில்லாத கதை. எஸ்எஸ்டில அப்படி எழுதினாலும் எல்லா மூலையும் மாட்டாது, கம்பெனியோட சொந்த சாஃப்ட்வேர்ல செக்யூர் இரேஸ் இருக்கும், அதைப் போடுங்க. இதுக்கெல்லாம் நேரமில்லன்னா, எக்ஸ்சேஞ்ச்ல பழைய சிஸ்டத்தைக் குடுக்கறப்போ டிஸ்க்கை மட்டும் கழட்டி வச்சுக்கிட்டு மிச்சத்தைக் குடுங்க, பழைய டிஸ்க்குக்காக கடைக்காரர் விலையில ஒண்ணும் பெருசா குறைச்சுட மாட்டார்.